சீனியும் வேண்டாம், மைதாவும் வேண்டாம்: வீட்டிலே செய்யும் இனிப்புகள்

நமது சபைகளில் ஸ்தோத்திரம் என்றால் கூடவே இனிப்பும் உண்டு. பிள்ளைக்கு வேலை கிடைத்தால், வீடு பிரதிஷ்டையானால், திருமண நாளோ பிறந்த நாளோ வந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரிசை வரிசையாக நகர்ந்து வரும். வருடக் கடைசி இரவு ஆராதனையில் கேக் இல்லாத சபை அபூர்வம். மும்பை, பூனா, டெல்லி, சூரத், பெங்களூர் என்று ஊரைவிட்டு வந்து வாழும் நமக்குச் சபையே சொந்தபந்தமாக இருப்பதால், அந்தத் தட்டை மறுப்பது உறவையே மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்று ஒரு தாயார் கூறினால், "ஒரு துண்டுதானே அம்மா, ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று பதில் வருகிறது. அவர்களும் முகம் நோகக்கூடாதே என்று வாங்கி உண்கிறார்கள்.

அன்பினால் கொடுக்கப்படும் அந்தத் துண்டு எத்தனை பேருக்குத் தீங்காகிறது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டிய காலம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளியானது. நம் தேசத்தில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என்றும், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்றும் அது கணக்கிட்டது. கிராமங்களைவிட நகரங்களில் நீரிழிவு அதிகம் என்பதும் அதில் கண்டது. லோக்கல் ரயிலில் இரண்டு மணி நேரம், நாற்காலியில் ஒன்பது மணி நேரம், இரவு பத்து மணிக்குச் சோறு என்று வாழும் நமக்கு இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

இனிப்பே வேண்டாம் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. சூரைச்செடியின் கீழே சோர்ந்து படுத்திருந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் காட்டியது நெருப்பில் சுட்ட ஓர் அடையைத்தான். உபதேசம் பிறகுதான் வந்தது. சோர்ந்தவருக்குச் சுட்டுக் கொடுப்பது நல்ல ஊழியமே. எதைச் சுட்டுக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

சீனியை மட்டும் நிறுத்தினால் போதாது

பலர் செய்வது இதுதான்: கேக்கில் சீனிக்குப் பதிலாகக் கடையில் விற்கும் இனிப்புத் தூளைப் போட்டுவிட்டு, "சுகர் ஃப்ரீ கேக்" என்று நிம்மதியாக இரண்டு துண்டு உண்கிறார்கள். ஆனால் மைதா அப்படியே இருக்கிறது. 100 கிராம் மைதாவில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து. அது வயிற்றில் குளுக்கோஸாக மாறி, சீனியைப் போலவே இரத்தத்தில் ஏறுகிறது. நாவுக்கு இனிக்காத காரணத்தால் அதை நாம் இனிப்பாக எண்ணுவதில்லை, அவ்வளவே. கடைப் பொட்டலத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற எழுத்தும் மைதாவைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. பின்புறத்தில் சிறிய எழுத்தில் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அந்த வரியைப் படியுங்கள்.

கோதுமை மாவு, கேழ்வரகு, கம்பு ஆகியவை மைதாவைவிடச் சத்துள்ளவை, நார்ச்சத்தும் அதிகம். ஆயினும் 100 கிராமில் 60 முதல் 72 கிராம் வரை மாவுச்சத்து அவற்றிலும் உண்டு. ஆகவே "ராகி கேக்தானே" என்று நீரிழிவு உள்ளவர் அளவில்லாமல் உண்பது சரியாகாது.

இனி, ஊரிலிருந்து பார்சலில் வரும் கருப்பட்டி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்களிடம் இதைப்பற்றிப் பேசுவதே கடினம். கருப்பட்டி மருந்து என்றே நம்பி வளர்ந்தவர்கள் நாம். அதில் சிறிதளவு தாது உப்புகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் உள்ள அதே பொருள். வெல்லமும் அப்படியே. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பேரீச்சம்பழத்தில் 100 கிராமுக்கு சுமார் 75 கிராம் மாவுச்சத்து. உலர்ந்த திராட்சையிலும் அதைவிடக் குறைவில்லை. எனவே பிளம் கேக்கில் சீனியே போடாவிட்டாலும் அது சர்க்கரைதான். முந்திரிக்கொத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பெயரில் மட்டுமே முந்திரி. உள்ளே பாசிப்பயறும் வெல்லமும், வெளியே அரிசி மாவும்.

சீனி செய்த வேலையை யார் செய்வது?

கேக்கில் சீனி இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பதும், ஈரத்தைத் தக்கவைப்பதும், மேற்புறம் சிவக்க உதவுவதும், சில நாட்கள் கெடாமல் காப்பதும் அதுவே. மைதாவில் உள்ள குளூட்டன் என்ற பசைச்சத்தோ கேக் இடியாமல் நிற்கத் தூணாகிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் வேறு தூண் வேண்டும். அந்த வேலையை முட்டை செய்யும். அதனால்தான் இவ்வகைக் கேக்குகளில் முட்டை கூடுதலாக இருக்கும்.

இனிப்புக்கு எதைச் சேர்ப்பது? கடைகளில் கிடைப்பவற்றில் ஆஸ்பார்டேம் என்பது அடுப்புச் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். காப்பிக்கு ஆகும், கேக்குக்கு ஆகாது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதை எவ்வகையிலும் கொடுக்கக்கூடாது. சுக்ரலோஸ் சீனியைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு. இதன் பிறப்பு சுவையான கதை. 1976ஆம் ஆண்டு லண்டனில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆராய்ச்சியாளரிடம், அந்தத் தூளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்களாம். 'டெஸ்ட்' என்றதை 'டேஸ்ட்' என்று கேட்டுக்கொண்டு அவர் நாவில் வைத்துவிட்டார்! ஆய்வுக்கூடத்தில் இப்படிச் செய்வது உயிருக்கே ஆபத்து. தேவகிருபை, அது இனித்தது. சுக்ரலோஸ் தூளை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அளவைப் பெருக்குவதற்காக மால்டோடெக்ஸ்ட்ரின் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் கலந்திருப்பார்கள். இரண்டுமே இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. காப்பிக்கு ஒரு சிட்டிகை போடுவதில் தோஷமில்லை, கேக்குக்குக் கப் கணக்கில் கொட்டினால் கணக்கு மாறிவிடும்.

சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியாவும் மிகுந்த இனிப்புள்ளது. சற்று மிஞ்சினாலும் அடிநாக்கில் கசக்கும். கேக்குக்கு அதிகம் பயன்படுவது எரித்ரிட்டால் என்ற வெள்ளைத் தூள். சீனியில் மூன்றில் இரண்டு பங்கு இனிப்பு. இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. வாயில் பச்சைக்கற்பூரம்போல் லேசாகக் குளிரும். கேக் ஆறியபின் மணல்போல் நறநறக்காமல் இருக்க, மிக்ஸியில் மாவாகப் பொடித்த பின்பே சேர்க்க வேண்டும். மால்டிட்டால் என்ற பெயரைச் "சர்க்கரையற்ற" சாக்லேட்டுகளில் காண்பீர்கள். அது சீனியைவிடக் குறைவாகவேனும் சர்க்கரையை ஏற்றும், அதிகம் உண்டால் வயிற்றுப்போக்கும் கொடுக்கும்.

இவற்றைப் பற்றிய எச்சரிக்கைகளை மறைப்பது முறையன்று. எரித்ரிட்டால் இரத்தத்தில் அதிகமாக உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறியது. அதுவே காரணம் என்று நிலைநாட்டப்படவில்லை. நம் உடலும் அதைச் சிறிதளவு உற்பத்தி செய்கிறது. என்றாலும் இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்துவது நல்லது. உடல் எடையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்புகளை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே 2023இல் அறிவுறுத்தியது. நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களை அந்த அறிவுரையில் அது சேர்க்கவில்லை. ஆகவே இது பண்டிகைக்கும் ஸ்தோத்திர நாளுக்கும் உரியது. தினமும் மாலைத் தேநீருக்குத் துணையாக வேண்டாம். நாவு குறைந்த இனிப்புக்குச் சில வாரங்களில் பழகிவிடும் என்பது அனுபவத்தில் கண்டது. அதன்பின் கீழே சொல்லியுள்ள அளவில் பாதியே போதும் என்பீர்கள்.

பாதாம் தேங்காய்க் கேக்

மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு. அது கடையில் கிடைக்கும். ஆயினும் வீட்டில் செய்வது சிக்கனம். பாதாமை வெந்நீரில் ஊறவைத்துத் தோலுரித்து, இரண்டு நாள் நன்கு உலர்த்தி, மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்துச் சலிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து வெண்ணெயாகிவிடும். மும்பையில் மஸ்ஜித் பந்தர், டெல்லியில் காரி பாவ்லி போன்ற மொத்தச் சந்தைகளில் உடைந்த பாதாம் மலிவாகக் கிடைக்கும். அரைக்கத்தானே போகிறோம், முழுசாக இருக்க வேண்டும் என்பதில்லை.

200 கிராம் பாதாம் மாவு, 50 கிராம் உலர்ந்த தேங்காய்த் துருவல், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, சிறிது ஏலப்பொடி ஆகியவற்றைக் கலந்து வையுங்கள். வேறு பாத்திரத்தில் 100 கிராம் வெண்ணெயையும் பொடித்த எரித்ரிட்டால் 100 கிராமையும் வெளுக்கும்வரை அடித்து, நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். முட்டை, வெண்ணெய் இரண்டும் குளிர்ச்சி நீங்கியிருக்க வேண்டும், இல்லையேல் திரிந்துவிடும். மாவுக்கலவையை இதில் சேர்த்துக் கரண்டியால் கிளறி, எண்ணெய்க் காகிதம் விரித்த ஏழு அங்குலத் தட்டில் ஊற்றி, 160 டிகிரி சூட்டில் 35 முதல் 40 நிமிடம் வேகவிடுங்கள். பாதாம் விரைவில் கருகும் தன்மையது. 25 நிமிடத்தில் மேற்புறம் சிவந்துவிட்டால் ஒரு காகிதத்தால் மூடுங்கள்.

ஓவன் இல்லாத வீடுகளே நம்மில் அதிகம். அடிகனமான பழைய குக்கரில் இரண்டு கப் தூள் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு கேக் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம் வையுங்கள். மேற்புறம் சிவக்காது, ருசியில் குறைவிராது. முழுவதும் ஆறும்வரை தட்டிலிருந்து எடுக்கக்கூடாது. குளூட்டன் இல்லாத கேக் சூட்டில் உடையும், ஆறியபின் இறுகிக்கொள்ளும்.

இதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டினால், நார்ச்சத்தைக் கழித்தபின் ஒரு துண்டில் ஏறத்தாழ 2 கிராம் மாவுச்சத்தே இருக்கும். 200 கிராம் மைதாவும் 200 கிராம் சீனியும் சேர்த்த வழக்கமான கேக்கை அதே பன்னிரண்டாக வெட்டினால் துண்டுக்கு 29 கிராம். வித்தியாசம் இவ்வளவு. ஆனால் கலோரி குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். பாதாமும் வெண்ணெயும் சேர்வதால் ஒரு துண்டிலேயே சுமார் 200 கலோரி உண்டு. ஒன்று போதும்.

பாதாம் வாங்க இயலாதவர்களுக்கு வேர்க்கடலை இருக்கிறது. என் கருத்தில் இந்த முறைகளுள் மிகவும் பயனுள்ளது இதுவே. 150 கிராம் வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு முட்டை, 50 கிராம் பொடித்த எரித்ரிட்டால், ஒரு சிட்டிகை சோடா, அரைச் சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து, பதினைந்து வட்டங்களாகத் தட்டி, 160 டிகிரியில் 15 நிமிடம் சுட்டால் அருமையான பிஸ்கட். வெளியே எடுக்கும்போது மெதுவாக இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும். ஒன்றில் ஓரிரு கிராம் மாவுச்சத்தே உண்டு. பக்கத்து வீட்டுக் குஜராத்திக் குடும்பத்துக்குக் கொடுப்பதானால் முட்டைக்குப் பதில் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேருங்கள். அவர்கள் மாநிலத்தில் விளைவதுதான். மலச்சிக்கலுக்கு மட்டுமே அது என்று நினைத்திருப்பவர்கள் வியப்படைவார்கள்.

ஓவனும் குக்கரும் வேண்டாதது கடல்பாசி. 10 கிராம் கடல்பாசியை 400 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். 400 மில்லி கெட்டித் தேங்காய்ப்பாலைத் தனியே வெதுவெதுப்பாக்கி அதில் சேர்த்து, ஸ்டீவியா சில துளிகள், ஏலம், கல் உப்பு ஒரு துளி போட்டுத் தட்டில் ஊற்றினால் அரை மணியில் உறைந்துவிடும். முதலூர் மஸ்கோத் அல்வாவை எண்ணி ஏங்குபவர்களுக்குத் தேங்காய்ப்பாலின் மணமாவது கிடைக்கும். அல்வாவையே மாவுச்சத்து இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டால், முடியாது. அது மாவும் சர்க்கரையுமாகவே உருவானது.

தூத்துக்குடி மக்ரூனும் ஏறத்தாழ அப்படியே. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரியுமே அதன் சரீரம். எரித்ரிட்டாலால் அடித்து, முந்திரிக்குப் பாதி பாதாம் கலந்து, 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் உலர்த்தி, அடுப்பை அணைத்தபின்னும் உள்ளேயே ஆறவிட்டால் ஒருவகை நுரைப் பிஸ்கட் வரும். குழந்தைகள் விரும்பி உண்பார்கள். வாயில் வைத்ததும் கரையும் அந்த ஊர் மக்ரூன் அன்று அது. அப்பெயரை அதற்குச் சூட்டாமலிருப்பதே நியாயம்.

மாத்திரையும் உபவாசமும்

இனிச் சொல்லப்போவது சமையலைவிட முக்கியமானது. மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை அளவும் திடீரெனக் குறையும். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்ளுகிறவர்களும் பழைய அளவு மருந்தையே எடுத்துக்கொண்டு உணவை மாற்றினால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உண்பவர்கள் மாவுச்சத்தை அறவே நிறுத்தினாலோ நீண்ட உபவாசம் இருந்தாலோ, இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரலாம். சில வேளை சர்க்கரை அளவு அதிகமாகக் காட்டாமலேயே இது நிகழும். ஆகவே உணவு மாற்றத்துக்கும் உபவாச ஜெபத்துக்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தளவைப் பற்றிக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பாதாம், வேர்க்கடலை ஆகியவற்றின் அளவையும் கேட்டறிய வேண்டும்.

கர்த்தர் சுகமளிக்கிறார் என்பது நமது விசுவாசம். அதை அறிக்கையிட்ட மறுநாளே மாத்திரைகளை எறிந்துவிட்டு, கண்பார்வையையும் காலையும் இழந்தவர்களை நம் சபைகளிலும் காண்கிறோம். சுகமடைந்த குஷ்டரோகியை ஆண்டவர் ஆசாரியனிடம் அனுப்பித் தன்னைக் காண்பிக்கச் சொன்னதைச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோமே. சுகம் பெற்றவர் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை செய்து மருத்துவரிடம் காண்பிப்பது அவிசுவாசம் ஆகாது. சாட்சிக்கு அது பலமே.

மற்றொன்று: ஆராதனையின் நடுவே ஒருவருக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், அது சர்க்கரை குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். ஜெபியுங்கள், ஜெபித்துக்கொண்டே, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி மெய்யான சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அச்சமயத்தில் இந்தக் கட்டுரையில் சொன்ன இனிப்புகளோ இனிப்பு மாத்திரைகளோ சிறிதும் உதவமாட்டா. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு இழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆலய அலமாரியில் ஒரு டப்பா சீனி எப்போதும் இருக்கட்டும்.

ஒரே பண்டம் இருவருக்கு இருவிதமாக வேலை செய்யும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், துண்டை உண்ணுமுன் ஒருமுறையும் இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஒருமுறையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை குறித்தாலே எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும்.

சபையில் பரிமாறும்போது இந்த இனிப்புகளைத் தனித் தட்டில் வைத்து, சேர்த்த பொருள்களைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். பாதாமும் வேர்க்கடலையும் ஒவ்வாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஒரு துணுக்கும் ஆகாது. மீதியைக் காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் கேக் நான்கைந்து நாள் தாங்கும். பிஸ்கட் வெளியிலேயே ஒரு வாரம் இருக்கும். மும்பை மழைக்காலத்தில் மட்டும் மூன்றாம் நாளே நமுத்துவிடும், வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கி எடுத்தால் மீண்டும் மொறுமொறுக்கும்.